நியூட்ரலில் ஒரு சனிக்கிழமை

டில்லி ஆப்பிரிக்கா அவென்யூ சிக்னலில் பச்சை விழுந்தபோது கார் மறுபடியும் உயிரை விட்டிருந்தது. அம்சவேணி சாவியைத் திருப்பினாள். உள்ளே என்னவோ கரகரவென்று சுற்றியது, பிடிக்கவில்லை. இன்னொரு தடவை திருப்பினாள். பின்னாலிருந்து ஹாரன்கள் கிளம்பின. ஜூன் மாதத்து வெயில் பானெட்டின் மேல் தகதகத்தது. பக்கத்தில் ஒட்டிக்கொண்டு போன டெம்போக்காரன் தலையை வெளியே நீட்டி, ஓட்டத் தெரியாவிட்டால் வீட்டில் இருக்கவேண்டியதுதானே என்று இந்தியில் கேட்டுவிட்டுப் போனான்.

அவன் கேட்டதுகூட உறைக்கவில்லை. இடப்பக்க சீட்டிலிருந்து வந்ததுதான் உறைத்தது.

"கிளட்ச்ச இப்படியா டக்குனு வுடுவாங்க? நான் பாத்துக்கிட்டுதான இருக்கன்."

"நான் விடலைங்க. கியரை எடுத்து நியூட்ரல்ல போட்டு வச்சிருந்தன்."

"நியூட்ரல்ல இருக்கற வண்டி எப்படி நிக்கும்? ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்."

அம்சவேணி கதவைத் திறந்து இறங்கினாள். மஞ்சள் டீ-ஷர்ட் போட்ட டெலிவரிக்காரர்கள் இரண்டு பேர் பைக்கை ஓரமாக நிறுத்திவிட்டு வந்து தள்ளினார்கள். அவள் ஜன்னல் வழியாகக் கையை விட்டு ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி கூடவே நடந்தாள். உள்ளே அவள் கணவர் பூவராகவன் நேராக உட்கார்ந்து ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார், தான்தான் ஓட்டுகிற மாதிரி. நடைபாதை ஓரமாக நிறுத்தி அரை மணி நேரம் காத்திருந்த பின் சாவியைத் திருப்பினாள். ஒன்றுமே நடக்காததுபோல் கார் கிளம்பியது. அன்றைக்கு பிசியோதெரபி தவறிப்போயிற்று.

பூவராகவனுக்குப் பக்கவாதம் வந்து ஒன்றரை வருஷமாகிறது. பேச்சுக்குச் சேதமில்லை. இடது கையும் இடது காலும்தான் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை. இடப்பக்கத்தில் பார்வையும் கொஞ்சம் மங்கியிருந்தது. ஸ்டீயரிங் பக்கமே போகக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். இருபத்தைந்து வருஷம் டில்லியில் வண்டி ஓட்டியவர் அவர். ஸ்ரீமுஷ்ணத்திலிருந்து பொதுத்துறை நிறுவன வேலைக்கு வந்து, முதலில் ஸ்கூட்டர், பிறகு ஒரு செகண்ட்ஹாண்ட் கார், அதற்குப் பிறகு புதிதாக வாங்கிய இந்த வெள்ளைக் கார். பனிமூட்டத்தில் ஆக்ரா வரை போய் வந்திருக்கிறார். பம்பரில் ஒரு கீறல் விழுந்ததில்லை என்பது அவர் அடிக்கடி சொல்கிற விஷயம். கீறல் எல்லாம் அம்சவேணி ஓட்டத் தொடங்கிய பிறகு விழுந்தவை.

அவள் ஐம்பத்தோரு வயதில் ஓட்டக் கற்றுக்கொண்டவள். மத்திய அமைச்சகம் ஒன்றில் செக்ஷன் ஆபீசர். ஆபீசுக்குப் பஸ்ஸில்தான் போவாள். கார் என்பது ஆஸ்பத்திரிக்கும் பிசியோதெரபிக்கும் மருந்துக் கடைக்கும். ஆட்டோவில் ஏற அவருக்குக் கால் எழும்பவில்லை என்பதால்தான் ஓட்டக் கற்றுக்கொண்டாள். இப்போது ஓரளவு எழும்புகிறது. ஆனால் கற்றுக்கொண்டாயிற்று, கார் இருக்கிறது, ஓட்டவேண்டியதாயிற்று.

கோடை ஆரம்பித்ததிலிருந்து இந்தத் தொல்லை. வீட்டிலிருந்து கிளம்பும்போது நன்றாக ஓடும். நெரிசலில் சிக்கி, ஏ.சி. ஓடி, இன்ஜின் சூடேறிய பிறகு, எங்காவது ஒரு சிக்னலில் பேச்சுமூச்சில்லாமல் நின்றுவிடும். மெக்கானிக் வந்து பார்ப்பதற்குள் ஆறிப்போய் ஸ்டார்ட் ஆகிவிடும். டாக்டர் முகத்தைக் கண்டதும் குழந்தைக்கு வயிற்றுவலி நின்றுபோகிற கதைதான்.

கோட்லாவில் சந்துக்குள் கடை வைத்திருக்கும் தேஜ்பால்தான் பல வருஷமாக அந்தக் காரைப் பார்ப்பவன். முதலில் பேட்டரி என்றான், மாற்றினாள். பிறகு பெட்ரோல் பம்ப் என்றான். பின் சீட்டைத் தூக்கி அதையும் மாற்றினான். ஒரு வாரம் ஒழுங்காக ஓடி, அம்சவேணிக்குக் கொஞ்சம் நிம்மதி வந்தபோது, சௌத் எக்ஸ் ஃப்ளைஓவர் ஏற்றத்தில் நின்றது. பிறகு ஸ்பார்க் பிளக்குகள். ஒரு பெரிய சர்வீஸ் சென்டருக்கும் கொண்டுபோனாள். கண்ணாடிச் சுவருக்கு இந்தப்பக்கம் காபி கொடுத்து உட்கார வைத்து, கம்ப்யூட்டரை மாட்டிப் பார்த்துவிட்டு, கோளாறு எதுவும் பதிவாகவில்லை என்றார்கள். "மேடம் புதுசா ஓட்டறீங்களா?" என்று டை கட்டிய பையன் பணிவாகக் கேட்டான். பூவராகவன் பக்கத்திலிருந்து ஆமாம் என்று தலையை ஆட்டினார்.

புனேயிலிருந்து மகன் அர்விந்த் போனில் சொன்னான்: "மா, ஹாஃப் கிளட்ச்சுல ரொம்ப வச்சிருப்பீங்க. நோ ஒர்ரீஸ், ஸ்லோவா விடுங்க, தட்ஸ் ஆல்." அவனுக்குத் தமிழ் அவ்வளவுதான் வரும். அறிவுரை மட்டும் எல்லா பாஷையிலும் வந்தது.

இத்தனை பேர் சொன்ன பிறகு அவளுக்கே சந்தேகம் வந்துவிட்டது. நியூட்ரலில்தான் வைத்திருந்தோமா? கால் தானாக நழுவியதோ? ஆபீசில் ஃபைல் பார்க்கும்போதுகூட மேஜைக்குக் கீழே இடது கால் ஒரு கிளட்சைத் தேடி மெதுவாக அமுக்கி மெதுவாக விட்டது. ராத்திரி படுத்தால் அந்த முழங்கால் விண்விண் என்றது.

அதனால்தான் அந்தச் சனிக்கிழமை காலையில் அவள் தேஜ்பால் கடைக்குப் போய், "இன்னிக்கி எதையும் மாத்தாத. வண்டி நிக்கற வரைக்கும் நான் இங்கியே உக்காந்திருக்கன். நின்னவுடனே வந்து பாரு" என்று இந்தியில் சொன்னாள். அவள் குரலில் சண்டை இல்லை. சண்டை போடவும் தெம்பு வேண்டுமே.

தேஜ்பால் கையைத் துணியில் துடைத்தான். அவனுக்கும் அன்றைக்கு நல்ல முகம் இல்லை. இரவெல்லாம் கரண்ட் இல்லையாம். ஷட்டருக்கு முன்னால் ஏற்கெனவே இரண்டு கார்கள் வாயைப் பிளந்துகொண்டு நின்றன. "நிக்கலைன்னா, மேடம்?"

"நிக்கும்."

"சரி, அந்தச் சுவர் ஓரமா போடுங்க. ஏ.சி. ஃபுல்லா வைங்க. நின்னா ஒரு சத்தம் குடுங்க."

வீட்டில் தனியாக இருக்க மாட்டேன் என்று பூவராகவனும் கூட வந்திருந்தார். சந்தில் பாதி நிழல், பாதி வெயில். நிழல் சுவரோடு ஒட்டியிருந்த ஒரு பைக்குக்குப் போய்விட்டது. அம்சவேணி காரை வெயிலில் நிறுத்தினாள். நியூட்ரல், ஹாண்ட் பிரேக், ஏ.சி. நாலில். இன்ஜின் உறுமிக்கொண்டிருந்தது. இனி செய்ய ஒன்றுமில்லை, காத்திருப்பதைத் தவிர.

அவள் இப்படிச் சும்மா உட்கார்ந்து வெகுகாலமாயிற்று. முதலில் மொபைலைப் பார்த்தாள். பிறகு அதையும் வைத்துவிட்டாள். டாஷ்போர்டின் மேல் ஒரு விரிசல் ஓடியிருந்தது. சந்தில் வெங்காய வண்டிக்காரன் போனான், திரும்பி வந்தான்.

"சூடு முள்ளு எவ்ளோ காட்டுது?" என்றார் பூவராகவன்.

"பாதியில நிக்குது."

"பாதி சரிதான்."

அவள் கையால் இடது முழங்காலைப் பிடித்துவிட்டாள். பிடித்துவிடுவது அவளுக்கே தெரியாது, பழக்கம்.

"காலுக்கு என்னா?"

"ஒண்ணுமில்ல. வலி."

"எப்பலேருந்து?"

"மாசிலேருந்து இருக்கும்."

"சொல்லவே இல்லியே நீ."

"சொல்லி?" என்றாள். கேட்டது காட்டமாக வந்துவிட்டதோ என்று ஒரு நிமிஷம் பொறுத்து, "உங்க காலுக்கே ஓடிக்கிட்டிருக்கன். இதுல என் காலு எங்க" என்றாள்.

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அவள் பையிலிருந்து டப்பாவை எடுத்தாள். எலுமிச்சம் சாதம். அவருக்கு மூடியில் போட்டு ஸ்பூனைக் கொடுத்துவிட்டு, தான் டப்பாவிலேயே சாப்பிட்டாள். ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்து ஈரத்துணி சுற்றி வைத்திருந்த தண்ணீர் பாட்டிலைத் திறந்து அவருக்கு மாத்திரை கொடுத்தாள். இன்ஜின் ஓடிக்கொண்டே இருந்தது. முள் பாதியைத் தாண்டி ஒரு நூல் மேலே ஏறியிருந்தது.

"இத வித்துடலாங்க" என்றாள் அம்சவேணி.

இதை அவள் இதற்கு முன்னும் சொல்லியிருக்கிறாள். ஒவ்வொரு தடவையும் அவர், "சும்மாரு" என்று முடித்துவிடுவார். இன்றைக்கு உடனே முடிக்கவில்லை.

"பதிமூணு வருஷத்து வண்டிய டில்லியில எவன் வாங்குவான்? பதினஞ்சு வருஷத்துக்கு மேல ரோட்டுல வுட மாட்டன்னு கவர்மெண்டுல நிக்கறானுவ. எடைக்குத்தான் போவும்."

"எடைக்கே போவட்டுமே. நீங்கதான் இப்ப ஆட்டோல ஏறுறீங்களே."

"இன்னும் ரெண்டு வருஷம் இருக்குது அதுக்கு." ஸ்பூனை மூடியில் வைத்தார். "அதுக்குள்ள காலு சரியாய்டுச்சின்னா..."

டாக்டர் சொன்னது அவருக்கும் தெரியும். அவர் எதிரில்தான் சொன்னார். ஆனாலும் அந்த மனுஷன் வாரத்துக்கு மூன்று நாள் போய் ஒரு கம்பியைப் பிடித்துக்கொண்டு அந்தக் காலைத் தூக்கித் தூக்கி வைத்ததெல்லாம் இந்த டிரைவர் சீட்டுக்காகத்தான் என்பது அம்சவேணிக்கு அப்போதுதான் முழுசாக உறைத்தது. நடப்பதற்காக என்று அவள் நினைத்துக்கொண்டிருந்தாள். ஆறுதலாக ஏதாவது சொல்லலாமா என்று பார்த்தாள். பொய் சொல்ல மனசில்லை.

"சாதத்துல உப்பு கம்மியா?" என்றாள்.

"இல்ல. சரியா இருக்குது."

டப்பாவை மூடிப் பையில் வைத்துவிட்டு, அவள் செருப்பைக் கழற்றினாள். சீட்டைக் கொஞ்சம் பின்னுக்குத் தள்ளி, இரண்டு காலையும் மேலே எடுத்துச் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். முழங்காலில் சொடக்கு விழுந்தது. ஸ்டீயரிங்குக்குப் பின்னால் அப்படி உட்கார இடம் பற்றவில்லை. ஆனாலும் சுகமாக இருந்தது. தலையைச் சாய்த்துக் கண்ணை மூடினாள். கண்ணை மூடினாலும் காது மூடவில்லை. ஏ.சி. காற்றுச் சத்தம், இன்ஜின் சத்தம், தேஜ்பால் யாரையோ திட்டுகிற சத்தம்.

அப்புறம் ஒரு சத்தம் குறைந்தது.

இன்ஜின் இருமவில்லை, குலுங்கவில்லை. விளக்கை அணைத்ததுபோல் நின்றுவிட்டது. டாஷ்போர்டில் சிவப்பு விளக்குகள் எரிந்தன. ஏ.சி. காற்று மட்டும் வெதுவெதுப்பாக வந்துகொண்டிருந்தது.

அம்சவேணி கண்ணைத் திறந்தாள். பூவராகவன் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் முகத்தை இல்லை, காலை. மடித்து வைத்திருந்த இரண்டு வெறும் பாதங்களை. பிறகு குனிந்து கீழே பெடல்களைப் பார்த்தார். மூன்று பெடல்களும் தனியாக நின்றன. அவற்றுக்குப் பக்கத்தில் அவளுடைய செருப்புகள் ஒன்றின் மேல் ஒன்று கிடந்தன.

"நீ காலே வைக்கல" என்றார்.

அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்கத் தொடங்கியதும் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. எது எதற்காக என்று அவளுக்கே பிரித்துப் பார்க்க முடியவில்லை. துப்பட்டாவால் முகத்தைத் துடைத்துக்கொண்டு ஹாரனை அமுக்கினாள். ஜன்னலை இறக்கி, "தேஜ்பால்! ஜல்தி!" என்று கத்தினாள்.

அவன் கையில் ஸ்பானரோடு ஓடிவந்தான். வந்தவன் வழக்கம்போல, "கிளட்ச் மேலே கால் பட்டிருக்குமோ, மேடம்?" என்றான்.

அவள் வாயைத் திறப்பதற்குள் பூவராகவன், "கால் கீழேயே இல்ல, தம்பி" என்றார் இந்தியில். குரல் உரக்க வந்தது. "சீட்டு மேலே சம்மணம் போட்டு உக்காந்திருந்தாங்க. நான் பாத்தன். வண்டி தானா நின்னுச்சு. நீ பானெட்டைத் திற."

தேஜ்பால் திறந்தான். முதல் தடவையாகக் கார் அவன் கண்முன்னால் செத்துக் கிடந்தது. பெட்ரோல் வருகிற குழாயைக் கழற்றிப் பார்த்தான், பெட்ரோல் பீறிட்டது. ஒரு பிளக்கைக் கழற்றி இரும்பில் ஒட்டிப் பிடித்துக்கொண்டு, "சாவியைத் திருப்புங்க" என்றான். அம்சவேணி திருப்பினாள். பொறி வரவில்லை. இன்னொரு பிளக், அதிலும் இல்லை.

"பெட்ரோல் வருது, பொறி இல்ல" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். அவன் மாற்றிய பம்ப்பின் நினைவு வந்திருக்க வேண்டும். அவள் பக்கம் திரும்பாமலே பேசினான். அடுத்து என்ன செய்வதென்று அவனுக்குத் தெரியவில்லை என்பது முதுகிலேயே தெரிந்தது. காஷ்மீரி கேட்டில் உதிரி பாகங்கள் விற்கும் தன் மச்சானுக்குப் போன் போட்டான். இரண்டு பேரும் ஒருவரையொருவர் குறுக்கே பேசிக் கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தார்கள்.

"மேடம், இன்ஜின் சுத்தறத பாத்து, இப்ப பொறி போடுன்னு சொல்ற ஒரு சென்சார் இருக்கு. கிராங்க் சென்சார். அது சூட்டுல தூங்கிப்போயிடும், ஆறினா முழிச்சுக்கும்னு சொல்றான். அதும் மேலே பச்சைத் தண்ணி ஊத்திப் பார்க்கச் சொல்றான். தண்ணி இருக்கா?"

ஈரத்துணி சுற்றிய பாட்டிலை அவள் எடுத்துக் கொடுத்தாள். அவன் இன்ஜினுக்குப் பின்பக்கமாகக் கையை விட்டு, கன்னத்தைக் கம்பியில் அழுத்திக்கொண்டு, தண்ணீரைச் சன்னமாக ஊற்றினான். புஸ்ஸென்று ஆவி எழும்பியது. பாட்டில் காலியானதும், "இப்போ" என்றான்.

சாவியைத் திருப்பினாள். முதல் சுற்றிலேயே இன்ஜின் பிடித்துக்கொண்டது.

மூன்று பேரும் கொஞ்ச நேரம் அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். தேஜ்பால் சிரித்தான். அம்சவேணிக்குச் சிரிப்பு தீர்ந்துபோயிருந்தது.

"அப்போ அந்த பம்ப்?" என்றாள்.

"அதுவும் பழசுதானே, மேடம்" என்றான் அவன், தரையைப் பார்த்து.

அதற்கு மேல் கேட்டு என்ன ஆகப்போகிறது? அவன் ஸ்கூட்டரில் போய் இரண்டு கடை ஏறி இறங்கி சென்சாரை வாங்கி வந்தான். பழையது எளிதில் வெளியே வரவில்லை. ஒரு போல்ட் துருவேறி ஒட்டிக்கொண்டிருந்தது. எண்ணெய் விட்டு, தட்டி, காத்திருந்து, மறுபடி தட்டினான். அதற்குள் வெயில் சந்திலிருந்து மாடிகளுக்கு ஏறியது. பக்கத்து டீக்கடையிலிருந்து வந்த பிளாஸ்டிக் ஸ்டூலில் பூவராகவன் உட்கார்ந்து, வேலை நடப்பதையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் கடைப் படியில் உட்கார்ந்தாள். கடைசியில் வெளியே வந்த சென்சார் கட்டைவிரல் அளவுகூட இல்லை. கறுப்பாக, அழுக்காக, ஒன்றும் அறியாத மாதிரி தேஜ்பாலின் உள்ளங்கையில் கிடந்தது.

புதியதைப் போட்ட பிறகு மறுபடியும் சோதனை. நியூட்ரல், ஹாண்ட் பிரேக், ஏ.சி. நாலில். நிற்பதற்காகக் காத்திருந்ததைவிட நிற்காமலிருப்பதற்காகக் காத்திருப்பது கஷ்டமாக இருந்தது. நிற்பதற்கு ஒரு முடிவு உண்டு. நிற்காதது எப்போது நிச்சயமாகும்? டீ குடித்தார்கள். முள் பாதியைத் தாண்டி நின்றது. இன்ஜின் ஓடியது. போதும் என்று அவளாக முடிவு செய்து கிளம்பினாள்.

சரோஜினி நகர் திருப்பத்தில் சனிக்கிழமைக் கூட்டம் ரோட்டில் வழிந்தது. துணிப்பைகளைத் தூக்கிக்கொண்டு பெண்கள் கார்களுக்கு நடுவே புகுந்து போனார்கள். வண்டிகள் அங்குலம் அங்குலமாக நகர்ந்தன. முதல் கியர், நியூட்ரல், முதல் கியர். ஒவ்வொரு தடவை நிற்கும்போதும் அவள் மூச்சை அடக்கிக்கொண்டாள். கார் நிற்கவில்லை. பூவராகவன் வழியெல்லாம் ஒரு வார்த்தை சொல்லவில்லை, லேன் மாறு என்றோ பிரேக் பிடி என்றோ.

லக்ஷ்மிபாய் நகர் குவார்ட்டர்ஸில் வந்து நிறுத்தி, அவரைக் கைத்தாங்கலாக லிஃப்டில் ஏற்றி, கதவைத் திறந்து, செருப்பை எங்கே விட்டோம் என்றுகூடப் பார்க்காமல் ஹால் தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். மின்விசிறி சுற்றியது. அர்விந்த் போன் செய்தான். அவள் எடுக்கவில்லை. அடுத்து அவன் பூவராகவனுக்குப் போட்டான், அவர் எடுத்தார்.

"ஆங், இருக்கா. கீழ உக்காந்திருக்கா... வண்டி சரியாய்டுச்சி. சென்சாருப்பா. சூட்டுல போயிடுமாம்." அந்தப்பக்கம் அவன் என்னவோ சொன்னான். இவர் குரல் மாறியது. "கிளட்ச்சும் இல்ல ஒண்ணும் இல்ல. நீயும் அதத்தான் சொன்ன, நானும் அதத்தான் சொன்னன். அவ நியூட்ரல்ல இருந்தது, நியூட்ரல்ல இருந்ததுன்னு தலபாடா அடிச்சிக்கிட்டா. நாம யாரும் கேக்கல... புரிஞ்சுதா? ம். ராத்திரி அம்மாகிட்ட நீயே பேசு."

போனை வைத்தார். அவள் பக்கம் பார்க்கவில்லை. அவளும் நிமிர்ந்து பார்க்கவில்லை. இரண்டு மாசமாக அவள் எதிர்பார்த்துக்கொண்டிருந்த ஒன்று கையில் வந்து விழுந்தது. அதை வாங்கி வைத்துக்கொள்ளக்கூட அப்போது அவளுக்கு அலுப்பாக இருந்தது. காலை நீட்டி, முதுகைச் சுவரில் சாய்த்துக்கொண்டாள்.

கொஞ்ச நேரம் கழித்து அவர் கேட்டார்: "திங்கக்கிழம பிசியோதெரபிக்கு எத்தினி மணிக்குக் கெளம்பணும்?"

"ஆட்டோல போலாங்க."

"வண்டிதான் சரியாய்டுச்சே?"

"வண்டி சரியாத்தான் இருக்குது. எனக்குத்தான் முடியல."

அவர் வலது கையால் இடது காலைத் தூக்கி எதிரிலிருந்த பிரம்பு முக்காலியின் மேல் வைத்துக்கொண்டார். "சரி, ஆட்டோலயே போலாம்" என்றார். திங்கட்கிழமை காலையில் கேட் வரைக்கும் அவரே கம்பை ஊன்றி நடந்து போய், அவள் வீட்டைப் பூட்டிக்கொண்டு வருவதற்குள், ஆட்டோக்காரனோடு பேரம் பேசி நிறுத்தி வைத்திருந்தார்.